கடைசிச் சிப்புக்கு எப்போது எட்டும்? ராம் நினைவகத்தின் நேரக் கணக்கு

போன சித்திரையில் மன்னார்குடியில் என் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நெல் அரவை மில்லில் கணக்குப் பார்க்கும் மாமா ஒருவர், டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடி, பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார்.

"ஏம்ப்பா, காலையில பதினோரு மணி வரைக்கும் ஒழுங்கா ஓடுது. மத்தியானம் சாப்பிட்டு வந்து உக்காந்தா நீலத் திரை வந்து நின்னுடுது. மறுநாள் காலையில பார்த்தா திரும்பவும் நல்லா இருக்கு. என்னன்னு பாரேன்" என்றார்.

இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். கம்ப்யூட்டர் ஓடும்போது தகவலைப் பிடித்து வைத்திருக்கும், சிப்புகள் வரிசையாக ஒட்டிய பலகையான ராமைக் கழற்றி, அதன் அடியில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பூசிய பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்திப் பொருத்தினேன். பல நேரம் அதுவே போதும். இந்த முறை போதவில்லை. இரவு முழுக்க ராம் சோதனையை ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. மறுநாள் மத்தியானம், கடையின் தகரக் கூரை காய்ந்துகொண்டிருக்கும்போது அதே சோதனையை மறுபடி ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் மூன்று பிழை. மதர்போர்டின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், யாரோ அந்த ராமை அதன் சாதாரண வேகத்துக்கு மேலே ஏற்றி 3200-ல், அதாவது ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் நொடிக்கு 3200 மில்லியன் பிட் போகும் வேகத்தில், ஓட வைத்திருந்தார்கள். 2666-க்கு இறக்கினேன். அதே வெயில், அதே கூரை. பிழை நின்றுவிட்டது.

"அப்ப ராம் கெட்டுப்போச்சா?"

"இல்ல மாமா, ராம் நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா ஏன் தப்பா சொல்லுச்சு?"

சரியான கேள்வி. அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறைதான். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். அந்த ராம் எதையும் மறக்கவில்லை. அதில் எழுதியது எழுதியபடியே இருந்தது. அதைப் பார்த்த நேரம்தான் தப்பு. நினைவகத்தை வடிவமைக்கிறவர்களுக்கு, எங்கே சேமிப்பது என்பதைவிட எப்போது பார்ப்பது என்பதுதான் பெரிய தலைவலி.

கசியும் கலம்

ராமுக்குள் ஒரு பிட் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு இதற்கான காப்புரிமையை 1968-ல் பெற்றார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான் ஒரு பிட். இந்த ஜோடிக்குத்தான் கலம் என்று பெயர். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. டிரான்சிஸ்டர் அதன் மடை. திறந்தால் உள்ளே எழுதலாம், வெளியே எடுத்துப் படிக்கலாம். மூடினால் உள்ளே இருப்பது உள்ளேயே நிற்கும்.

நிற்கும் என்று சொன்னேனே தவிர, முழுசாக நிற்காது. அந்த மின்தேக்கி பிடித்து வைத்திருப்பது சில பத்தாயிரம் எலக்ட்ரான்களை மட்டுமே. மடை மூடியிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நடவு வயலில் கட்டிய தண்ணீர் இரண்டு நாளில் எப்படி இறங்கிவிடுகிறதோ, அதுபோலத்தான். எவ்வளவு நல்ல வரப்பாக இருந்தாலும் மண் இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் வற்றுவதற்குள் மறுபடி பாய்ச்சியாக வேண்டும். ராமிலும் கலங்கள் வரிசையும் பத்தியுமாக அடுக்கியிருக்கும், அதில் ஒவ்வொரு வரிசையையும் குறிப்பிட்ட நேரத்துக்குள் படித்து, மறுபடி முழு மின்னூட்டத்தோடு எழுத வேண்டும். இதற்குப் புதுப்பித்தல் என்று பெயர்.

இன்டெல் 1970-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சிப்பில் மொத்தம் 1024 பிட்தான். அதையே 2 மில்லி நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருக்கும் டிடிஆர்4 தலைமுறை ராமில் கெடு 64 மில்லி நொடி. அந்தக் கெடுவுக்குள், ராமை மேய்க்கும் சுற்றான கன்ட்ரோலர் 8192 முறை 'புதுப்பி' என்று கட்டளை கொடுக்கும். வகுத்துப் பார்த்தால் 7.8 மைக்ரோ நொடிக்கு ஒரு கட்டளை வருகிறது. 8 ஜிகாபிட் சிப் ஒன்று அந்த ஒரு கட்டளையை முடிக்க 350 நானோ நொடி எடுக்கும் (ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). அந்த நேரத்தில் வேறு யாருக்கும் பதில் சொல்லாது. கன்ட்ரோலர் ரொம்ப வேலையாக இருந்தால் எட்டுக் கட்டளை வரைக்கும் தள்ளிப்போடலாம், ஆனால் தள்ளிப்போட்டதையெல்லாம் பிறகு சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

இங்கேயே வெயில் உள்ளே வந்துவிடுகிறது. சூடு ஏற ஏறக் கசிவு அதிகமாகும். சிப்பின் சூடு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடு பாதியாகக் குறைய வேண்டும், அதாவது 32 மில்லி நொடி. அடுத்த தலைமுறையான டிடிஆர்5-ல் சாதாரண நிலையிலேயே கெடு 32 மில்லி நொடிதான். கலங்கள் சிறுத்துக்கொண்டே போவதால் கசிவைத் தாங்கும் இடமும் சிறுத்துவிட்டது.

முள் நிற்கும் வரை

இப்போது படிப்பது எப்படி என்று பார்ப்போம். என்னை மிகவும் வியக்க வைத்த பகுதி இது.

ஒரு வரிசையின் மடைகளை ஒரே நேரத்தில் திறக்கிறோம். ஒவ்வொரு மின்தேக்கியும் தன்னோடு இணைந்த ஒரு நீளக் கம்பியில் தன் மின்னூட்டத்தைக் கொட்டும். அந்தக் கம்பி மின்தேக்கியைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு டம்ளர் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் மட்டம் எவ்வளவு உயரும்? அதுபோல, கம்பியின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேலேயோ கீழேயோ நகரும், அவ்வளவுதான். அந்தச் சின்ன அசைவைப் பிடிக்க, முன்கூட்டியே கம்பியைச் சரிபாதி மின்னழுத்தத்தில் வைத்திருப்பார்கள். பக்கத்தில் அதே அளவில் இன்னொரு கம்பி. இரண்டுக்கும் நடுவில் ஒரு நுண் பெருக்கி. எந்தப் பக்கம் துளி அதிகமோ அந்தப் பக்கத்தை முழு மின்னழுத்தத்துக்கு இழுத்துவிடும், மறுபக்கத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடும். நெல் கொள்முதல் நிலையத்தில் பார்த்த பழைய தராசை நினைத்துக்கொள்ளுங்கள்.

தராசு என்று சொன்னதில் காரணம் இருக்கிறது. தட்டில் பொருளை வைத்த உடனே முள்ளைப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். ஆடி அடங்க வேண்டும். ராமிலும் மடையைத் திறந்த உடனே பெருக்கியைத் தட்டிவிட்டால், மின்னூட்டம் இன்னும் கம்பிக்கு வந்து சேர்ந்திருக்காது. பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன இரைச்சலை எடை என்று நினைத்து, அதையே பெரிதாக்கி, 1 இருந்த இடத்தில் 0 என்று எழுதிவிடும். ஆமாம், எழுதியேவிடும். படிக்கும்போது மின்தேக்கி காலியாகிவிடுகிறது, பெருக்கி சொன்ன பதிலைத்தான் அதில் திருப்பி நிரப்புகிறார்கள். அவசரப்பட்டால் படித்த விடை தப்பாவதோடு வைத்திருந்த பொருளும் போய்விடும்.

இந்தக் காத்திருப்பைத்தான் ராம் பெட்டியில் 22-22-22 என்பதுபோல அச்சடித்திருப்பார்கள். முதல் எண், எந்தப் பத்தி வேண்டும் என்று கேட்ட பிறகு விடை வெளியே வர எத்தனை கிளாக் துடிப்பு என்பது (கிளாக் என்பது எல்லாப் பகுதிகளுக்கும் சீராகத் தாளம் தட்டும் மின்குறி). இரண்டாவது, வரிசையைத் திறந்த பிறகு பத்தியைக் கேட்க எத்தனை துடிப்பு பொறுக்க வேண்டும் என்பது. மூன்றாவது, வரிசையை மூடிக் கம்பிகளை மறுபடி சரிபாதிக்குக் கொண்டுவர ஆகும் நேரம். டிடிஆர்4 3200-ல் ஒரு துடிப்பு 0.625 நானோ நொடி. அதை 22-ஆல் பெருக்கினால் 13.75 நானோ நொடி.

அதற்கு முந்தைய டிடிஆர்3 1600-ல் இதே எண்கள் 11-11-11. ஒரு துடிப்பு 1.25 நானோ நொடி. பெருக்கிப் பாருங்கள், அதே 13.75. அடுத்த தலைமுறை வந்து, வேகம் இரண்டு மடங்கானது என்று விளம்பரமும் வந்தது, முள் அடங்கும் நேரம் மட்டும் இம்மிகூட மாறவில்லை. அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது? ஒரு பிட்டை மட்டும் எடுக்காமல், ஒவ்வொரு தரவுக் கம்பிக்கும் எட்டு பிட்டைச் சேர்த்து எடுத்து வெளியே வரிசையாக அனுப்புவது டிடிஆர்3-லேயே உண்டு. டிடிஆர்4-ல் அதோடு சிப்பின் உள்ளே கலங்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, குழு மாற்றிக் குழுவாக எடுத்து அனுப்புகிறார்கள். உள்ளே கலம் பழைய நிதானத்திலேயே இருக்கிறது, வெளியே கம்பி மட்டும் பறக்கிறது. ராம் வாங்க வருகிறவர்கள் எண் சின்னதாக இருந்தால் நல்லது என்று மட்டும் பார்க்கிறார்கள். துடிப்பின் நீளத்தையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கல்லணைக்குக் கீழே

கம்பி பறக்கிறது என்றேன் இல்லையா, மாமாவின் கம்ப்யூட்டர் சிக்கிக்கொண்டதும் அங்கேதான்.

1990-களுக்கு முன்பு ராமுக்குப் பொதுவான கிளாக் கிடையாது. கேட்டால், தன்னால் முடிந்தபோது பதில் சொல்லும். 1993-ல் ஜெடெக் என்ற தர அமைப்பு கிளாக்கோடு ஓடும் ராமுக்கான தரத்தை ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து எல்லாமே தாளத்துக்குக் கட்டுப்பட்டது. ஒவ்வொரு துடிப்பின் விளிம்பிலும் கம்பியில் என்ன இருக்கிறது என்று பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடிக்கும் சுற்றுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. விளிம்புக்குச் சற்று முன்பிருந்தே தரவு அசையாமல் இருக்க வேண்டும், விளிம்புக்குப் பிறகும் ஒரு கணம் அசையாமல் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து போட்டோ எடுப்பதுபோலத்தான். ஃபிளாஷ் அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே அசையாமல் நிற்க வேண்டும், அடித்த உடனே ஓடிவிடவும் கூடாது.

தரவு தாமதமாக வந்தால், கிளாக்கைக் கொஞ்சம் மெதுவாக்கித் தப்பிக்கலாம். தரவு சீக்கிரமாக மாறிவிட்டால், அதாவது பழைய பிட்டைப் பிடிப்பதற்குள் புதிய பிட் அதை மிதித்துக்கொண்டு வந்துவிட்டால், கிளாக்கை எவ்வளவு மெதுவாக்கினாலும் பயனில்லை. சிப்புக்குள் இப்படி ஒரு பிழை தயாரிப்புக்குப் போய்விட்டால், விற்ற பிறகு வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க முடியாது. அதனால் வடிவமைப்பாளர்கள் இந்த இரண்டாவது வகைக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

சரி, விளிம்பில் தரவு அசைந்தால் என்ன ஆகும்? போட்டோவில் குழந்தை கலங்கித் தெரிவதுபோல, பிடித்த சுற்று 0-வுமில்லாமல் 1-ஆகவும் இல்லாமல் நடுவில் தத்தளிக்கும். மறுபடியும் அதே தராசு முள்தான். எப்போது அடங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு வேறு கிளாக்கில் ஓடும் இரண்டு பகுதிகள் பேசிக்கொள்ளும் இடங்களில் இதைத் தவிர்க்கவே முடியாது. அதனால் பிடித்ததை உடனே நம்பாமல், இன்னொரு துடிப்பு காத்திருந்து இரண்டாவது முறை பிடிப்பார்கள். அதற்குள் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம். எளிய வேலைதான், ஆனால் எத்தனையோ சிப்புகளைக் காப்பாற்றி வருகிறது.

இனி தூரம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். அன்றைக்கே மன்னார்குடிப் பக்கம் யாரும் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாற்றுத் தண்ணீர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, பாமணியாறு வழியாக எங்கள் ஊரைத் தொட்டு, முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடைக்குப் போகும். கல்லணையில் ஒரே நாளில் ஷட்டரைத் தூக்கினாலும் ஒவ்வொரு ஊருக்கும் தண்ணீர் வரும் நாள் வேறு. ஆற்றின் நீளம், தூர்வாரியதா இல்லையா, வழியில் எத்தனை மதகு திறந்திருக்கிறது, எல்லாமே கணக்கில் வரும். 'அணை திறந்தாச்சு' என்ற செய்தியை மட்டும் வைத்து நாற்றங்கால் போடுகிறவர்கள் எங்கள் பக்கம் இல்லை. 'நம்ம தலைப்புக்கு எப்ப வரும்' என்றுதான் கேட்பார்கள்.

மதர்போர்டிலும் இதே கதைதான். செப்புத் தடத்தில் மின்குறி ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 15 செ.மீ. போகும். 100 மெகாஹெர்ட்ஸ் ராம் இருந்த காலத்தில் ஒரு துடிப்பு 10 நானோ நொடி. அதற்குள் குறி ஒன்றரை மீட்டர் போய்விடும், போர்டில் நாலைந்து செ.மீ. வித்தியாசம் இருந்தால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இன்று 3200-ல் ஒரு துடிப்புக்கு இரண்டு பிட், ஒரு பிட்டின் ஆயுள் 0.3125 நானோ நொடி. அந்த நேரத்தில் குறி போகும் தூரம் ஐந்து செ.மீ.கூட இல்லை. கம்பியில் ஒரு பிட்டின் நீளமே உங்கள் சுண்டுவிரல் அளவுதான். தடங்களின் நீளம் மாறினால் ஒரு கம்பியில் ஐந்தாவது பிட் வரும்போது இன்னொன்றில் நான்காவதே வந்துகொண்டிருக்கும். மதர்போர்டில் ராமுக்குப் போகும் தடங்கள் சில இடங்களில் பாம்புபோல வளைந்து வளைந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக அப்படிப் போடவில்லை. பக்கத்தில் இருக்கும் தடத்தையும் தூரத்தில் இருக்கும் தடத்தின் நீளத்துக்கே கொண்டுவரத்தான் அந்த வளைவு.

எல்லாவற்றையும் வளைத்துச் சரிசெய்ய முடியாது. ஒரு ராமின் நீளம் 13 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். டிடிஆர்3-லிருந்து கிளாக்கும் கட்டளைக் கம்பிகளும் ஒரு சிப்பைத் தொட்டு, அடுத்ததைத் தொட்டு, வாய்க்கால்போலக் கடைசிச் சிப் வரை ஓடுகின்றன. முதல் சிப்புக்குத் துடிப்பு கேட்ட பிறகு கடைசிச் சிப்புக்குக் கேட்பதற்குள் ஒரு முழுத் துடிப்பே கடந்துவிடும். தரவுக் கம்பிகளோ ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக, நேராகப் போகின்றன. எனவே கடைமடைச் சிப்புக்குத் தரவு முதலில் வந்து காத்திருக்கும், கிளாக் பின்னால் வரும்.

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். முதல் வழி, பொதுக் கிளாக்கை நம்பாமல், தரவோடு கூடவே அதற்கென்று ஒரு தாளக்குறியை அனுப்புவது. ஸ்ட்ரோப் என்று பெயர். தண்ணீரின் தலைப்போடு சேர்ந்தே ஒரு ஆள் சைக்கிளில் வந்து 'இதோ வந்துடுச்சு' என்று ஒவ்வொரு மடையிலும் சொன்னால் எப்படியோ, அப்படி. தரவு எந்தப் பாதையில் எவ்வளவு தாமதப்பட்டாலும் ஸ்ட்ரோப்பும் அதே பாதையில் அதே அளவு தாமதப்படும். பெறுகிற பக்கம் ஸ்ட்ரோப்பைப் பார்த்துப் பிடித்தால் போதும். எட்டுத் தரவுக் கம்பிக்கு ஒரு ஸ்ட்ரோப் என்பது வழக்கமான ஏற்பாடு.

இரண்டாவது வழி, அளந்து பார்ப்பது. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன், திரையில் எதுவும் வருவதற்கு முன்பே, கன்ட்ரோலர் ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியாக விசாரிக்கிறது. ஒரு ஸ்ட்ரோப்பை அனுப்பும். அது வந்து சேர்ந்த கணத்தில் தன்னிடம் கிளாக் 0-ஆக இருந்ததா 1-ஆக இருந்ததா என்று சிப் திருப்பிச் சொல்லும். 0 என்றால் கன்ட்ரோலர் ஸ்ட்ரோப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தி மறுபடி அனுப்பும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். 0-விலிருந்து 1-க்கு மாறும் இடம் கிடைத்ததும் அந்தத் தாமதத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த சிப்புக்குப் போகும். ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டு 'உங்க மடைக்கு எப்ப வந்துச்சு?' என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுபோல.

படிக்கும் பக்கத்திலும் இப்படி ஒரு தேடல் உண்டு. தெரிந்த ஒரு வரிசை பிட்டுகளை அனுப்பச் சொல்லி, பிடிக்கும் நேரத்தை இடமிருந்து வலமாக நகர்த்தி, எங்கே சரியாக வர ஆரம்பிக்கிறது, எங்கே தப்பாகிறது என்று பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொள்ளும். மின்குறியைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் அலைநோக்கியில் இதைப் பார்த்தால் அழகாக இருக்கும். ஆயிரக்கணக்கான பிட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தால், ஏறும் கோடும் இறங்கும் கோடும் சேர்ந்து நடுவில் ஒரு கண் வடிவத்தை விட்டுவைக்கும். கண் அகலமாகத் திறந்திருந்தால் பிடிப்பது எளிது. கிளாக்கின் நடுக்கம், பக்கத்துக் கம்பியின் இரைச்சல், மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்து கண்ணைச் சுருக்கும். கண்ணின் நடுவில் நின்று பிடிக்கிறவரை எந்தச் சிக்கலும் இல்லை.

மாமா கம்ப்யூட்டரில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். காலையில், அறை குளிர்ந்திருக்கும்போது ஆன் செய்கிறார். கன்ட்ரோலர் அளந்து, கண்ணின் நடுவைக் குறித்துக்கொள்கிறது. மத்தியானம் எல்லாம் சூடாகிறது. டிரான்சிஸ்டர்களின் வேகம் மாறுகிறது, தாமதங்கள் கொஞ்சம் நகர்கின்றன. கண் இடம் பெயர்ந்துவிட்டது, பிடிக்கும் இடம் காலையில் குறித்த இடத்திலேயே இருக்கிறது. அதிக வேகத்தில் கண் ஏற்கெனவே குறுகல். ஓரத்தில் இடித்த அந்த ஒன்றிரண்டு பிட்தான் நீலத் திரை. 2666-க்கு இறக்கியபோது ஒரு பிட்டின் ஆயுள் 312.5 பிகோ நொடியிலிருந்து 375 பிகோ நொடியானது. கூடுதலாகக் கிடைத்தது 62.5 பிகோ நொடி, ஒரு நானோ நொடியில் பதினாறில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன இடம் போதுமானதாக இருந்தது.

எதற்காக அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று சில பையன்கள் என்னிடம் வாதாடுவார்கள். "அண்ணே, என் போர்டுல 3600 ஓடுதுண்ணே" என்பார்கள். ஓடும் தம்பி, கார்த்திகை மாசக் குளிரில் ஓடும். நம் ஊர் மின்சாரம் மத்தியானம் இறங்கி ஏறும் நேரத்தில் ஓடுகிறதா என்று பார். தயாரிப்பாளர்கள் விட்டுவைக்கும் அந்த ஓர இடம் சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை. எந்த ஊர் வெயில், எந்த ஊர் கரண்ட், எத்தனை வருடப் பழசு என்று தெரியாமல் விற்கிறவர்கள் கொடுக்கும் உத்தரவாதம் அது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தவறும் சில பிட்டுகள் உண்டு. 1978-ல் இன்டெல்லின் டிமோத்தி மே, முர்ரே வுட்ஸ் இருவரும், சிப்பை மூடும் உறையில் இருந்த மிகச் சிறு அளவு யுரேனியமும் தோரியமும் வெளிவிடும் ஆல்ஃபா துகள்கள் ராமில் பிட்டுகளைப் புரட்டுவதைக் காட்டினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களாலும் இது நடக்கும். 2014-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு வரிசையை மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால், பக்கத்து வரிசையின் மின்னூட்டம் கசிந்து பிட் புரண்டுவிடுகிறது. வரப்பு மெலிந்தால் பக்கத்து வயலும் பாதிக்கும் என்பது சிப்புக்குள்ளும் உண்மைதான்.

இதைச் சரிசெய்ய ரிச்சர்டு ஹாமிங் 1950-ல் வெளியிட்ட முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். பெல் ஆய்வகத்தில் வார விடுமுறையில் ரிலே கம்ப்யூட்டரில் வேலையைப் போட்டுவிட்டுப் போவார். ஒரு பிழை வந்தால் அது வேலையை அப்படியே விட்டுவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எந்த இடத்தில் என்று ஏன் தெரியக்கூடாது என்று யோசித்தார்.

ஒரு பேப்பரை எடுத்துச் செய்து பாருங்கள். ஏழு இடங்கள். 3, 5, 6, 7-ல் நம் தரவு: 1, 0, 1, 1. இடம் 1-ல் ஒரு காவல் பிட். 1, 3, 5, 7 நான்கிலும் உள்ள 1-கள் இரட்டைப்படையாக வர வேண்டும். எனவே அங்கே 0. இடம் 2-ன் காவல் பிட் 2, 3, 6, 7-ஐப் பார்க்கும், அங்கே 1. இடம் 4-ன் காவல் பிட் 4, 5, 6, 7-ஐப் பார்க்கும், அங்கே 0. மொத்தம் 0110011. இப்போது ஐந்தாவது பிட் புரண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், 0110111. மூன்று காவலர்களையும் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். முதல் காவலருக்கு மூன்று 1, ஒற்றைப்படை, தப்பு. இரண்டாமவருக்கு நான்கு, சரி. நான்காம் இடத்துக் காவலருக்கு மூன்று, தப்பு. தப்பு என்று சொன்னவர்களின் இடங்களைக் கூட்டுங்கள்: 1-உம் 4-உம் சேர்ந்து 5. புரண்ட இடமே வந்துவிட்டது. அதைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. நான் முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த அன்று வேறு வேலையே ஓடவில்லை.

சர்வர்களில் 64 பிட்டுக்கு 8 காவல் பிட் வைத்து, ஒரு பிழையைத் திருத்துவார்கள், இரண்டு பிழை வந்தால் கண்டுபிடித்துச் சொல்வார்கள். டிடிஆர்5-ல் ஒவ்வொரு சிப்புக்கு உள்ளேயே 128 பிட்டுக்கு 8 காவல் பிட் உண்டு. இதை வைத்து "டிடிஆர்5 வாங்கினா பிழையே வராது" என்று விற்கிறார்கள். அது சரியில்லை. உள்ளே இருக்கும் காவல் கலத்தை மட்டும்தான் பார்க்கும். கலத்திலிருந்து சரியாகக் கிளம்பிய பிட், கம்பியில் தப்பான நேரத்தில் பிடிபட்டால் அதற்குத் தெரியாது. மாமாவின் கம்ப்யூட்டரில் டிடிஆர்5 இருந்திருந்தாலும் அந்தக் காவல் அவருக்கு உதவியிருக்காது. மில் கணக்குபோல முக்கியமான வேலைக்குக் கன்ட்ரோலர் வரை காவல் இருக்கும் ராமும் அதை ஏற்கும் போர்டும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

வேறு வேறு வேகமுள்ள இரண்டு ராமை ஒரே போர்டில் போட்டால், கன்ட்ரோலர் இரண்டையும் மெதுவானதன் வேகத்தில் ஓட்டப் பார்க்கும். அதனால் கேடில்லை. இரண்டும் ஒரே ஜோடியாக வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு விஷயம், ஏனென்றால் இந்த வருடம் மட்டும் மூன்று பேர் இதனால் பயந்து ஓடி வந்தார்கள். புதிதாக டிடிஆர்5 கம்ப்யூட்டர் பூட்டி முதல் முறை ஸ்விட்ச் போட்டால், சில போர்டுகளில் நிமிடக்கணக்கில் திரை கருப்பாகவே இருக்கும். ஃபேன் மட்டும் சுற்றும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆஃப் செய்துவிடாதீர்கள். ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அது ஒவ்வொரு சிப்புக்கும் ஸ்ட்ரோப் அனுப்பி, 0 வந்ததா 1 வந்ததா என்று கேட்டு, கொஞ்சம் தள்ளி, மறுபடி கேட்டு, கடைசிச் சிப்பு வரைக்கும் நேரம் குறித்துக்கொண்டிருக்கிறது. யுபிஎஸ் மாட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.